சிபியு தானா ஆன் ஆகுது, தானா ஆஃப் ஆகுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் உட்கார்ந்து டெஸ்க்டாப் ரிப்பேர் பார்க்கிறவன் நான். தறிக்குடோன், பனியன் கம்பெனி, நூல் கடை, வீடு என்று எங்கிருந்து போன் வந்தாலும் முதல் வார்த்தை "போர்டு போயிருச்சுங்களாண்ணா?" என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. சுவரில் இருக்கும் பிளக்கில் தொடங்கி பஞ்சுத் தூசி வரைக்கும் காசில்லாமல் பார்க்க வேண்டிய இடங்கள் எத்தனையோ இருக்கும்போது நேராகப் போர்டுக்கு, அதாவது மதர்போர்டுக்கு, போகாதீர்கள். இதைப் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப் போனதால் எழுதி வைக்கிறேன்.

சிபியு என்று எழுதும் இடத்தில் எல்லாம் முழுப் பெட்டியைத்தான் சொல்கிறேன். உள்ளே இருக்கும் சிப்புக்குத்தான் அந்தப் பேர் என்பது எனக்கும் தெரியும், ஆனால் நம்ம ஊரில் பெட்டிக்கு அந்தப் பேர் நிலைத்துப் போய்விட்டது.

கரண்ட் போயிட்டு வந்தா யாரும் தொடாமலே ஆன் ஆயிருதுங்க. பேய் கீய் பிடிச்சிருச்சா?

பேய் இல்லை, பயாஸில் ஒரு செட்டிங். விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடுகிற, போர்டிலேயே இருக்கும் புரோகிராம்தான் பயாஸ். "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்றோ "ஏசி பேக்" என்றோ ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வொரு பேரில் இருக்கும். கரண்ட் திரும்பி வந்தால் ஆஃபிலேயே இருக்க வேண்டுமா, ஆன் ஆக வேண்டுமா, கடைசியாக இருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று அது கேட்கிறது. சர்வருக்கும் கேமரா ரெக்கார்டிங் மெஷினுக்கும் தானாக எழுந்திருப்பது நல்லதுதான். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஆஃப் என்று வைத்துவிடுங்கள்.

அப்படி வைத்தும் பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது என்றால் போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியைப் பாருங்கள். காசு மாதிரி வட்டமாக இருக்கும், புதிதில் 3 வோல்ட். அது தீர்ந்திருந்தால், மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும்போது பயாஸ் தன் செட்டிங்கை மறந்துவிடும், தேதியும் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் பொருள்தான்.

ஸ்லீப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. தறிக்குடோன் ஆபீஸ்.

தறிக்குடோன் என்றதுமே பாதி பதில் வந்துவிட்டது. மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு அதில் அலை அடிக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் தறி ஓடுகிற அதிர்வில் மவுஸ் துளித் துளியாக நகர்கிறது, அடியில் இருக்கும் லைட் சென்சார் அதைக் கை அசைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிறது. சோமனூர் பக்கம் ஒரு குடோனில் இதைக் கண்டுபிடிக்க எனக்கே ரெண்டு நடை ஆனது. தறியை நிறுத்திய நேரத்தில் போய்ப் பார்த்தால் ஒழுங்காகத் தூங்குகிறது, ஓட்டினால் எழுந்துகொள்கிறது.

டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தச் சாதனம் கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு இருக்கட்டும், அதைத் தட்டி எழுப்பிக்கொள்ளலாம். அவசரத்துக்கு மவுஸைக் கவிழ்த்து வைத்தாலும் போதும்.

நடு ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணு மணிக்குத் தானாக எழுந்திருக்கிறதே?

எழுப்பியது யார் என்று விண்டோஸையே கேட்கலாம். நடந்ததை எல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக்கைத் திறந்தால் "பவர் ட்ரபுள்ஷூட்டர்" என்ற பேரில் ஒரு பதிவு இருக்கும், அதில் எழுப்பிய சாமானின் பேர் எழுதியிருக்கும். டைமர் என்று இருந்தால் அப்டேட்டோ வேறு ஏதாவது புரோகிராமோ அலாரம் வைத்திருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் போய் வேக் டைமரை நிறுத்துங்கள். நெட்வொர்க் கார்டு பேர் வந்தால் லேன் வழியாக எழுப்பும் வசதி திறந்து கிடக்கிறது. பக்கத்து சிஸ்டம் எதையோ தேடும்போது இதையும் தட்டிவிடுகிறது. அதையும் டிவைஸ் மேனேஜரிலேயே மூடலாம்.

இந்தப் பதிவெல்லாம் தூக்கத்திலிருந்து எழுந்தால்தான் வரும். ஷட் டவுன் செய்த பெட்டி எழுந்தது என்றால் பயாஸில் இருக்கும் அலாரத்தையும் லேன் செட்டிங்கையும் பார்க்க வேண்டும்.

ஷட் டவுன் கொடுத்தும் மவுஸ் லைட் எரிகிறது. முழுசாக ஆஃப் ஆகவில்லையா?

மவுஸ் லைட் எரிந்தால் தப்பில்லை. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (சுவர்க் கரண்டைப் போர்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள்பெட்டி) ஒரு 5 வோல்ட்டை விழித்தபடியே வைத்திருக்கும். நீங்கள் பட்டனைத் தொட்டதும் தெரிந்துகொள்வதற்கு அது வேண்டும். அப்புறம், விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் கிடையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றைப் புகுத்தி, பாதித் தூக்கத்தில் வைத்துவிட்டு ஆஃப் என்கிறார்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், நிஜமாக அணையும். அணையாமல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். எனக்கு அந்த வசதியே பிடிக்காது.

வேலை செய்துகொண்டு இருக்கும்போதே பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது. ஒரு எச்சரிக்கையும் இல்லை. என்னவாக இருக்கும்?

இதுதான் பெரிய கேள்வி, இதில்தான் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்து, எந்த நாள், எத்தனை மணி, அந்த நேரத்தில் கட்டடத்தில் வேறு என்ன ஓடியது என்று ஒரு வாரம் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், மல்டிமீட்டரைவிட அந்த நோட்டு எனக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கிறது.

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. வாரம் முழுக்க ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர் சனிக்கிழமை சாயந்திரம் மட்டும் நாலைந்து தடவை அணைந்துவிடும். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் தம்பிக்குச் சலிப்பு, முதலாளி அண்ணாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று ஏற்கனவே யாரோ சொல்லி வைத்திருந்ததால் அவர் திருநள்ளாறு போய் வரத் தேதி பார்த்துக்கொண்டு இருந்தார். நமக்கு முன்னால் வந்து பார்த்த ஆள் போர்டை மாற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சனிக்கிழமை திருப்பூரில் என்ன நடக்கும்? சம்பளம். எல்லோருக்கும் சம்பளச் சீட்டு அடிக்க வேண்டும், அதற்காக லேசர் பிரின்டரை அன்றைக்குத்தான் ஆன் செய்கிறார்கள். அந்த பிரின்டரின் பின் யுபிஎஸ்ஸில் சொருகி இருந்தது. லேசர் பிரின்டருக்குள் பேப்பரைச் சூடு பண்ண ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் சில நூறு வாட் இழுக்கும், சிலது ஆயிரம் வாட்டுக்குப் பக்கத்தில் போகும். அங்கே இருந்ததோ 600 விஏ யுபிஎஸ், அது தாங்குவது சுமார் 360 வாட். சீட்டு அடிக்க அடிக்க யுபிஎஸ் மூச்சு முட்டி எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டது. பிரின்டர் பின்னைப் பிடுங்கிச் சுவரில் சொருகினேன், முடிந்தது. அண்ணா திருநள்ளாறுக்கும் போய்த்தான் வந்தார், அது வேறு விஷயம்.

ஆகவே லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் போடவே போடாதீர்கள். அயர்னிங் டேபிளும் இன்டக்ஷன் அடுப்பும் அதே லைனில் இருந்தால் வேறு லைன் கேளுங்கள். ஜங்ஷன் பாக்ஸில் பின் லொடலொட என்று ஆடினால் பாக்ஸை மாற்றுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள். சிபியுவுக்குப் பின்னால் சொருகும் பவர் கேபிளையும் லேசாக அசைத்துப் பாருங்கள், கால் பட்டு ரீஸ்டார்ட் ஆகிற கேஸ்கள் எண்ணி மாளாது.

ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பாக இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் போச்சு என்று அர்த்தமா?

இல்லை. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் திரும்ப ஆன் ஆனேன் என்று மட்டும் அது சொல்கிறது. நீங்கள் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் வரும். அந்தப் பதிவுக்குள் பக்செக் கோட் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் பெரும்பாலும் கரண்ட் அறுந்த கதை, வேறு எண் இருந்தால் நீலத் திரை விழுந்திருக்கிறது, அப்போது ராம், டிரைவர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கரண்டே போகவில்லை, லைட் ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும், சிபியு மட்டும் அணைந்துவிடுகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் வேறு இருக்கிறது.

நம்ம லைனில் கரண்ட் ஒரு சுற்று சுற்றி வர 20 மில்லி செகண்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது முழு லோடில் பதினாறு, பதினேழு மில்லி செகண்ட்தான். ஒரு சுற்றுகூட முழுசாகத் தாங்காது. ஆடிக் காற்றில் லைன் ஒன்றோடு ஒன்று உரசும்போதும், தோட்டத்தில் ஏழரை எச்பி போர் மோட்டார் எடுக்கும்போதும் லைட் சிமிட்டுகிறதே, அந்தச் சிமிட்டல் இதைவிட நீளம். மோட்டார் எடுக்கிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும், வோல்டேஜ் குழியில் விழுந்து எழுந்து வரும்.

இன்வெர்ட்டர் இருந்தும் அணைகிறது என்றால் அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் என்று ஒரு பக்கம், நார்மல் அல்லது ஈக்கோ என்று மறுபக்கம். நார்மலில் இருந்தால் லோ வோல்டேஜையும் பொறுத்துக்கொண்டே போகும், பேட்டரிக்கு மாறுவதும் நிதானமாக மாறும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். பாதிப் பேர் வீட்டில் வாங்கிய நாளிலிருந்து அந்த ஸ்விட்சைத் தொட்டதே இல்லை. அதோடு பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் சில புது எஸ்எம்பிஎஸ்களோடு ஒத்துப்போகாது, குறிப்பாக ஆக்டிவ் பிஎஃப்சி என்று எழுதியிருப்பவற்றோடு.

யுபிஎஸ்ஸே இருந்தும் கரண்ட் போன நொடியில் பீப் என்று கத்திவிட்டு அணைந்தால் பேட்டரி முடிந்தது. நம்ம வெயிலுக்கு இரண்டு, மூன்று வருஷம் ஓடினாலே பெரிய விஷயம். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிதான் பெரும்பாலும், அதை மட்டும் மாற்றினால் போதும், யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஆன் செய்து இருபது நிமிஷம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்தால் மறுபடி ஓடுகிறது.

சூடு. சிப் 100 டிகிரிக்குப் பக்கத்தில் போனதும் முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்படியும் முடியாவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துவிடும். பயாஸிலேயே டிகிரி தெரியும். ஒன்றும் செய்யாமல் பயாஸ் பக்கத்தில் நிற்கும்போதே எண்பதைத் தாண்டினால் உள்ளே கதை இருக்கிறது.

வேறு ஊரில் தூசி என்றால் மண் தூசி, தட்டினால் விழும். நம்ம ஊரில் அது பஞ்சு. ஃபேன் இழுத்து இழுத்து, சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் பஞ்சை அடைத்து, கம்பளி நெய்த மாதிரி ஒரு படலமே கட்டியிருக்கும். நான் பிரித்ததில் சிலதை முழுசாக உரித்து எடுத்திருக்கிறேன், தலையணைக்கு வைக்கலாம் போல. வெளியே இருந்து பார்த்தால் ஃபேன் சுற்றும், காற்று மட்டும் உள்ளே போகாது. பொள்ளாச்சிப் பக்கம் போனால் இதே வேலையைத் தென்னைநார்த் தூள் செய்கிறது, அது ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் வெறித்தனமாகச் சுற்றி பேரிங் போய்விடும், சுற்றுகிற மோட்டார் போர்டுக்குள் கரண்டைத் தள்ளவும் கூடும். கம்பெனியில் பெரிய கம்ப்ரஸர் இருக்கிறதே என்று அந்தப் பைப்பை நீட்டாதீர்கள், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும், பிரஷரும் அதிகம். வேக்குவம் கிளீனர் குழாயை உள்ளே விடுவதும் வேண்டாம், ஸ்டாட்டிக் கரண்ட் உண்டாகும். தறிப்பக்கம் இருந்தால் மாதம் ஒரு முறை ஊதுங்கள். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் துடைத்துச் சந்தனம் வைத்தால் போதாது.

ஊதியும் சூடு இறங்கவில்லை என்றால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும், இல்லையென்றால் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் பின்னில் ஒன்று கழன்றிருக்கும். பழைய பேஸ்ட்டை வழித்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். இட்லிக்குச் சட்னி மாதிரி ஊற்ற வேண்டாம்.

பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. செத்துவிட்டது.

வரிசையாகப் பாருங்கள். அதே பிளக்கில் போன் சார்ஜர் வேலை செய்கிறதா. பவர் கேபிளை மாற்றினால் வருகிறதா. மானிட்டர் கேபிளும் பெரும்பாலும் அதேதான், அதைக் கழற்றிச் சொருகிப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் ஸ்விட்சை யாராவது ஆஃப் செய்தார்களா. பெருக்குகிற அம்மா துணி பட்டே ஆஃப் ஆகியிருக்கிறது. பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கிய பின் மறுபடி போட்டுப் பாருங்கள்.

வரவில்லையா? முன்பக்கப் பட்டனையே சந்தேகப்படுங்கள். அதிலிருந்து போர்டுக்கு வரும் ரெண்டு வயரைக் கழற்றிவிட்டு, அந்த ரெண்டு முள்ளை மட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆக வேண்டும். அப்படித் தொட்டு ஆன் ஆகிவிட்டால் பட்டன்தான் கேடு. உள்ளே எறும்பு கூடு கட்டியதை நானே எடுத்திருக்கிறேன். இதே பட்டன் உள்ளே அமுங்கி மாட்டிக்கொண்டால் எதிர்க் கூத்து நடக்கும்: ஆன் ஆகி, நாலு நொடியில் அணையும். நாலு நொடி அழுத்திப் பிடித்தால் அணை என்பதுதானே அதற்குக் கட்டளை.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாகப் பார்க்க, போர்டிலிருந்து 24 முள் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்றும். சுற்றாவிட்டால் பெரும்பாலும் அது போய்விட்டது என்று சொல்லலாம். சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, லோடு ஏறினால் படுத்துக்கொள்வதும் உண்டு. இது பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஆன் ஆகிறது, ரெண்டு நொடியில் அணைகிறது, மறுபடி ஆன், மறுபடி அணைகிறது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை.

ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். நிறைய பிழைத்துவிடும். அடுத்தது சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 முள் கனெக்டர், அது கழன்றிருந்தாலும் இப்படித்தான் ஆடும். எல்லா யுஎஸ்பியையும் பிடுங்கிவிட்டும் ஒருமுறை பாருங்கள், முள் வளைந்த யுஎஸ்பி துளை ஷார்ட் ஆகி முழு சிஸ்டத்தையும் அணைத்திருக்கிறது. போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தால் கடைக்குக் கொண்டுபோகும் நேரம் வந்துவிட்டது.

சிபியுவைத் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது.

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் துளிக் கரண்டை எர்த்துக்குத் தள்ளும்படிதான் அமைத்திருக்கிறார்கள். எர்த் கம்பி இல்லாதபோது அது போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது, டெஸ்டர் எரிகிறது. எர்த் இல்லாத சிஸ்டம் ஹேங் ஆவதும் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவதும் நான் பார்த்ததுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள், ரெண்டு மூணுக்கு மேல் போனால் எர்த்தைக் கவனிக்க வேண்டும். நம்ம பக்கம் சித்திரை வைகாசியில் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அப்போது எர்த் குழியும் காய்ந்துவிடும். குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதிலேயே சரியான ஆபீஸ் உண்டு.

ரெண்டு முள் பின்னுக்கு மாற்றும் அடாப்டரைப் போட்டு மூணாவது முள்ளை வெட்டிவிடுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். முழு ஷாக்காக அடித்தால் ஆராய்ச்சி வேண்டாம், மெயினை அணையுங்கள்.

திடீரென்று லைட் எல்லாம் பளீர் என்று எரிந்தது, ஃபேன் பறந்தது, சிபியுவில் டப் என்று சத்தம்.

நியூட்ரல் அறுந்திருக்கிறது. மூணு பேஸ் லைனில் நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும், 415 வரைக்கும்கூடப் போகலாம். லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள். டப் என்றது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃப்யூஸும் அதிக வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ள அதன் பக்கத்தில் வைத்திருக்கும் காவல்காரப் பாகமும்தான், போர்டு தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். குழந்தைகள் கை வைத்து 115க்குத் தள்ளியிருந்தாலும் இதே டப்.

இடி மழைக்குப் பவர் பின்னோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள். மாடிமேல் இருக்கும் நெட் பெட்டி வழியாக இறங்கி போர்டை எரித்த மின்னல்கள் உண்டு.

சரிங்க, எல்லாம் பார்த்தாச்சு. கடைக்குக் கொண்டு வரும்போது என்ன எல்லாம் எடுத்து வரணும்?

சிபியு, அதன் பவர் கேபிள், அந்த நோட்டு. மானிட்டர் கடையிலேயே இருக்கும். பவர் கேபிளை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், கடைசியில் கேபிள்தான் கேடு என்றால் என் கடையில் வேறு கேபிளில் நன்றாக ஓடிக் காட்டிவிட்டு உங்கள் ஆபீஸில் மறுபடி செத்துக் கிடக்கும். எக்ஸ்எல் வண்டியில் காலுக்கு நடுவில் நிமிர்த்தி நிறுத்தி எடுத்து வராதீர்கள், குழியில் இறங்கி ஏறும்போது கனமான ஹீட்சிங்க் தொங்கி, கழன்று விழும். ஒரு பழைய போர்வையைப் போட்டு, போர்டு அடியில் இருக்கும்படி படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள். ஞாயிறு கடை கிடையாது.